காற்றோட்டமான வீடு

நாலரை அறை வீட்டில் பாதியை ஆண்டவளுக்கு,

நேற்றுச் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தளத்தில் அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. சூடான பிளாஸ்டிக்கும் கருகிய தூசியும் கலந்த வாசனை. கூடவே ஹேர் டிரையர் இரைகிற சத்தம். யாரோ குளிர்காற்று நுழையாதபடி ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிட்டு, சுருக்கம் போக அதற்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறார்கள்! எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. பால் பையைக் கீழே வைத்துவிட்டு, முன்பின் தெரியாத அந்த வீட்டுக் கதவைத் தட்டியே விட்டேன்.

உள்ளே இரண்டு மாணவிகள். சீனாவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். நான் யார், எதற்கு வந்தேன் என்று அவர்கள் கேட்பதற்குள் ஜன்னலுக்கே போய்விட்டேன். நினைத்தது சரிதான். நடுவில் சூடு காட்டி, நடுவிலேயே ஓட்டை விழுந்திருந்தது. மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தினால் போச்சு என்று சொல்லிக்கொண்டே டிரையரைப் பிடுங்கி, புதுத் தாள் ஒன்றை நானே இழுத்துக் கொடுத்தேன். முடிந்ததும் விரலால் சுண்டினேன். தம்பட்டம் மாதிரி சத்தம் கேட்டது. அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். கட்டட நிர்வாகம் அனுப்பிய ஆள் என்றே கடைசிவரை என்னை நினைத்திருக்கிறார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது என்பது பூட்ஸைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது. சரி, எழுதியாவது சொல்கிறேன் என்று இன்று உட்கார்ந்துவிட்டேன்.

நாம் மான்ட்ரியலின் வில்லரே பகுதியில் அந்த வீட்டை எடுத்த கதையை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். உனக்கு அது பிடிக்காது. மானத்தை வாங்குகிறேன் என்பாய். ஆனால் யோசித்துப் பார். பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைச் சுவரில் நீ ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துத்தானே உன்னைக் கூப்பிட்டேன்? வீடு பகிர ஒரு பெண் தேவை, சைவமோ அசைவமோ பரவாயில்லை, குறட்டை விடக் கூடாது என்று எழுதியிருந்தாய். நான் விருதுநகரிலிருந்து இங்கே பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள். நீ யாழ்ப்பாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் தனியாக வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலையில் இருந்தவள். இரண்டு பேருக்கும் முப்பது வயது. முதல் நாளிலிருந்தே என்னை ‘நீர்’ என்றுதான் அழைத்தாய். எங்கள் ஊரில் அப்படிப் பேசினால் நாடகத்தில் ராஜா பேசுவது மாதிரி இருக்கும். ஒரு வாரம் நான் சிரித்தேன். அதற்கப்புறம் அந்த ‘நீர்’ இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை.

ஜூலை மாதம் வீடு மாறுகிற ஊர் இது. நாமும் ஜூலை வெயிலில்தான் வீடு பார்க்கப் போனோம். வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு, இரண்டாம் மாடி, குளியலறையை அரையாக எண்ணி நாலரை அறை, நீள நடை, உயரமான பழைய மர ஜன்னல்கள். நான் கூடத்தின் நடுவில் நின்றேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அப்படியும் காற்று வந்தது! வியர்த்த கழுத்தில் அது பட்டதும் நான் பூரித்துப் போனேன். நல்ல காற்றோட்டமான வீடு என்றேன். நீயும் கையை விரித்துக்கொண்டு நின்று, “ஓம், காத்து நல்லா வருது” என்றாய். நம் ஊர்களில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் சொல்வதைத்தான் நாமும் சொன்னோம். வீட்டுக்காரக் கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நம் முகத்தைப் பார்த்தே ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டிவிட்டார். மான்ட்ரியலில் காற்றுக்காக ஒரு வீட்டை எடுத்த முதல் ஆட்கள் நாமாகத்தான் இருந்திருப்போம்.

ஒப்பந்தத்தைப் பிரெஞ்சில் வாசித்தவள் நீதான். சூடு வாடகையில் சேராது, நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம் என்று சொன்னாய். அந்த வெயிலில் அது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. சூட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனோம்.

அக்டோபர் கடைசியில் திரைச்சீலைகள் தானாக ஆட ஆரம்பித்தன. கட்டடம் முழுவதற்கும் பொதுவான சூடு என்று ஒன்றும் கிடையாது. அறைக்கொரு மின்சார ஹீட்டர், சுவரடியில் நீளமாக. நான்கில் இரண்டு டிக் டிக் என்று சத்தம் மட்டும் போடும். வீட்டுக்காரரைக் கேட்டால் நாளைக்கு, நாளைக்கு என்று பிரெஞ்சில் சொல்வார். அந்த நாளைக்கு, அப்புறம் பார்க்கலாம் என்கிற உன் ஊர்ப் ‘பேந்து’க்கு அண்ணன் என்று நீ சொன்னாய். முதல் கரண்ட் பில் வந்த அன்று இரண்டு பேரும் அதை மேசையில் வைத்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். நம் நல்ல காலம், கீழ்வீட்டு ஹெய்ட்டிக் குடும்பம் ஹீட்டரைத் தாராளமாகப் போடுகிறவர்கள். அவர்கள் புண்ணியத்தில் நம் தரை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு நன்றியாக நீ மாதம் ஒரு முறை அவர்களுக்கு வடை கொண்டுபோய்க் கொடுத்தாய். ஏன் கொடுத்தாய் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

என் ஆராய்ச்சி வெப்பப் பரிமாற்றத்தைப் பற்றியது. அதாவது சூடு எதிலிருந்து எதற்கு எப்படிப் போகிறது என்பது. இது தெரிந்த நாளிலிருந்து நீ என்னை விடவில்லை. இரண்டு ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு நான் கணக்குப் போடுகிறபோதெல்லாம் வாசலில் வந்து நின்று, “நீர் படிக்கிறது சூட்டைப் பற்றித்தானே? சொல்லும் பாப்பம், எங்கடை சூடு எங்காலை போகுது?” என்று கேட்பாய். புத்தகத்தில் இருந்த சுவர்கள் எல்லாம் ஓட்டையில்லாத சுவர்கள்.

அப்போதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. உன் அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. நீ அழுதாய், சிரித்தாய், ரிசீவரை வைத்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாய். பதினொரு வருஷம். வழியனுப்ப வந்த அம்மாவைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் கடைசி. வழக்கறிஞருக்கும் படிவங்களுக்கும் நீ அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். ஜனவரியில் வருகிறார் என்று நாள்காட்டியில் நீ வட்டம் போட்ட மறுநாள் டொரோன்டோவிலிருந்து உன் அண்ணன் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. சொன்னதில் நியாயமும் இருந்தது. உன் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிற நோய். நீங்கள் அதை முட்டு என்பீர்கள். நம் வீட்டை அவர் நவம்பரில் ஒரு நாள் வந்து பார்த்திருந்தார், மேல்கோட்டைக் கழற்றாமலே.

“அம்மாவை அந்த வீட்டுக்குள்ளை வைச்சிருக்கேலாது,” என்றார். “முட்டு வந்தால் ஆர் பாக்கிறது? இருபத்திரண்டு டிகிரி காட்டு, விட்டுட்டுப் போறன். இல்லாட்டி அண்டைக்கே என்னோடை கூட்டிக்கொண்டு வாறன்.”

நீ சரி என்றாய். ரிசீவரை வைத்த பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தாய். நம் வீட்டில் அன்றைக்குப் பதினைந்து டிகிரி.

அடுத்த ஆறு வாரங்களைப் போல நான் அதற்கு முன்னும் சந்தோஷமாக இருந்ததில்லை, பின்னும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். முதல் யோசனை உன்னுடையது. சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போனாய். புகை நேரே மேலே போனால் அந்த இடம் நல்ல இடம். புகை சாய்ந்தால் அங்கே ஓட்டை. நான் பின்னாலேயே பென்சிலோடு வந்து சுவரில் குறி போட்டேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் நீ ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டி அரோகரா சொன்னாய். முன்கதவில் தபால் போடும் பிளவுக்கு முன் நீட்டியபோது புகை படுத்தே போய்விட்டது. என் மூன்று வருஷப் படிப்பு சொல்லாததை ஒரு ஊதுபத்தி அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டதே என்று எனக்கு ரோஷமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. கிடங்கில் மேலாளரிடம் கேட்டு, கழித்துப்போட்ட அட்டைகளையும் பொருள்களைச் சுற்றிவரும் குமிழிப் பிளாஸ்டிக்கையும் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவருவாய். அட்டை எல்லாம் மெத்தைக்கும் கம்பளத்துக்கும் அடியில் போனது. குமிழிப் பிளாஸ்டிக் குளியலறை ஜன்னலுக்கு. பெரிய ஜன்னல்களுக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் மெல்லிய தாள், அதைச் சுருக்கம் எடுக்க நான் ஊரிலிருந்து கொண்டுவந்து ஒரு நாளும் தொடாத ஹேர் டிரையர். முதல் தாளில் ஓட்டை போட்டவள் நான். இரண்டாவதில் நீ. மூன்றாவது தாள் நின்றது. என் பழைய சுங்குடிச் சேலையை நீளக் குழாயாகத் தைத்து, கந்தல் துணி அடைத்துக் கதவடியில் போட்டாய். முன்கதவைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டி, தபால் பிளவை டேப் போட்டு மூடி, அதற்கு மேல் ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிட்டோம். பின்கதவை முழுக்கப் பிளாஸ்டிக்கால் மூடி, என் கட்டிலை அதற்கு முட்டுக்கொடுத்தோம்.

அரிசிப் போட்டி நினைவிருக்கிறதா? காலுறையில் அரிசி நிரப்பி மைக்ரோவேவில் சூடாக்கிப் போர்வைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று கிடங்கில் ஒரு கியூபெக் பெண் உனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்த அரிசி என்பதில் நமக்குள் சண்டை வந்தது. உன் சிவப்புக் குத்தரிசி ஒரு காலுறையில், என் பொன்னி அரிசி இன்னொன்றில். கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். உன் அரிசி ஜெயித்தது. ஒரு மாதம் என்னை நீ அதைச் சொல்லியே வறுத்தெடுத்தாய். என் பேராசிரியரிடம் மட்டும் இந்தப் பரிசோதனையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

சமையலறையை ஒட்டிய சின்ன அறை அம்மாவுக்கு என்று வைத்தோம். அங்கே ஒரு வெப்பமானி. மத்தியானம் கிடங்கிலிருந்து கூப்பிட்டு வணக்கம்கூடச் சொல்லாமல், “இப்ப எத்தினை?” என்பாய். பதினேழு. மறுவாரம் பத்தொன்பது. இருபதைத் தாண்டவே மாட்டேன் என்று ஒரு வாரம் அடம் பிடித்தது. அந்த வாரம் நீ சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை வருஷம் கழித்து அம்மாவை ஒரு நாள் பார்த்துவிட்டு அனுப்பத்தான் கூப்பிட்டேனோ என்று ஒரு தடவை கேட்டாய். நான் ஊதுபத்தியை ஏற்றினேன். மறுபடி வீடு முழுக்கச் சுற்றினோம். சமையலறைக் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் புகை திடீரென்று துள்ளியது! ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை. பழைய துணியும் டேப்பும் வைத்து அடைத்தோம். மூன்றாம் நாள் இருபத்திரண்டு. காலுறையோடு வழுக்கி வழுக்கி அந்த நடை முழுவதும் ஆடினோம். கீழ்வீட்டிலிருந்து கூரையைத் தட்டினார்கள்.

இனி நான் செய்த கோளாறைச் சொல்ல வேண்டும்.

அம்மா வந்தது ஒரு சனிக்கிழமை. வெளியே மைனஸ் இருபத்தேழு. உன் அண்ணன் டொரோன்டோவிலிருந்து காரில் நேரே விமான நிலையத்துக்கு வருவதாக ஏற்பாடு. நீ மத்தியானமே கிளம்பினாய். ஹீட்டரை மட்டும் பார்த்துக்கொள், வேறொன்றும் செய்ய வேண்டாம், சமையலை வந்து பார்க்கிறேன் என்று படியிறங்கும்போதும் சொன்னாய். நான் தலையாட்டினேன். கதவைச் சாத்தியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினொரு வருஷம் கழித்து ஒரு தாய் மகள் வீட்டுக்கு வருகிறார், அடுப்பு பற்றாமல் இருப்பதா? புட்டுக்கு மாவு குழைத்தேன். அப்புறம் முட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் நெஞ்சில் சளி என்றால் முதல் வைத்தியம் ஆவி பிடிப்பது. அம்மா உள்ளே நுழையும்போதே வீடு முழுக்க ஆவி இருந்தால் எவ்வளவு இதமாக இருக்கும்! இரண்டு பெரிய பாத்திரங்களில் தண்ணீர் வைத்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, யூகலிப்டஸ் தைலமும் விட்டேன். நாலு மணி நேரம் கொதிக்கவிட்டேன். பக்கத்தில் புட்டு வெந்துகொண்டே இருந்தது.

வெப்பமானி இருபத்தைந்தைக் காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் தாள்கள் பால் மாதிரி வெளுத்து, சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அதையும் அழகு என்றே நினைத்தேன். வெப்பப் பரிமாற்றம் படித்தவள்! ஆவி எங்கே போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். வீட்டில் எது மிகவும் குளிர்ந்த இடமோ அங்கே போய் ஒட்டும். நாம் கம்பளி போட்டு மூடிவைத்த முன்கதவைவிடக் குளிர்ந்த இடம் அந்த வீட்டில் இல்லை.

இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. உன் குரல் கேட்டது. ஓடிப்போய்க் கம்பளியை விலக்கினேன். கதவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பனி. நுரைப்பட்டை ஈரத்தைக் குடித்து உறைந்து கதவைக் கவ்வியிருந்தது. தாழ்ப்பாளைத் திருப்பி இழுத்தேன். அசையவில்லை. வெளியிலிருந்து நீ தள்ளினாய். உன் அண்ணன் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பின்கதவை நினைத்தேன். அதற்கு முன்னால் என் கட்டில், வெளியே பின்பக்கச் சந்தில் இடுப்பளவு பனி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தபால் பிளவின் டேப்பைக் கிழித்து, குனிந்து வாயை வைத்து, கதவு உறைந்துபோய்விட்டது என்று கத்தினேன்.

அந்தப் பிளவு வழியாக உன் கண்ணைப் பார்த்தேன். நீ கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி பார்த்தாய். உனக்குப் பின்னால் உன் அண்ணன் குரல் கேட்டது. “வாங்கோ அம்மா, காருக்குள்ளை இருப்பம். இந்தக் குளிருக்குள்ளை நிக்கேலாது,” என்றார். படியிறங்கிக் காரில் ஏறினால் அம்மா மறுபடி ஏறப்போவதில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் டிரையரை எடுக்க ஓடினேன். அது இருந்தது கடைசி அறையில். நீட்டிப்பு வயரைத் தேடி, எல்லாவற்றையும் உருட்டி, திரும்பி ஓடிவந்தபோது பிளவில் உன் கண்ணைக் காணவில்லை.

அங்கே இரண்டு கைகள் இருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு யாரோ இரண்டு உள்ளங்கைகளையும் பிளவோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். உள்ளே அடைத்துவைத்த சூடெல்லாம் அந்த ஒரு வழியாக வெளியே பாய்ந்துகொண்டிருந்தது, இஞ்சியும் தேங்காய்ப்பூவும் மணக்க. அப்புறம் கைகள் விலகி ஒரு முகம் குனிந்தது. உன் அம்மாவை நான் முதலில் பார்த்தது அப்படித்தான், மூக்கிலிருந்து நெற்றிவரைக்கும் மட்டும்.

“தம்பி, நில்லு,” என்றார். “உள்ளுக்கை நல்ல சூடு. புட்டும் அவியுது. நான் ஒரு இடமும் வரேல்லை.”

டிரையரை மூலையிலிருந்து ஆரம்பித்தேன். கை சுற்றிக்கொண்டே இருந்தது. மேல் ஓரம், பக்க ஓரம், கீழே வாசற்படி. பனி உருகித் தண்ணீராகச் சொட்டியது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நீங்கள் மூன்று பேரும் ஒன்றாகத் தள்ளியபோது கதவு பிய்த்துக்கொண்டு திறந்து, நீ என் மேல் வந்து விழுந்தாய். அம்மா உள்ளே காலெடுத்து வைத்ததும் அவர் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஒன்றும் தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்று சிரித்தார். நீ அவர் கோட்டைக் கழற்றினாய். குல்லாயை, கழுத்துத்துணியை, ஸ்வெட்டரை. கடைசியில் அம்மா தம் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இதென்ன பிள்ளையள், கொழும்பு மாதிரி வேர்க்குது என்றார். உன் அண்ணன் நேரே சின்ன அறைக்குப் போய் வெப்பமானியைப் பார்த்தார். திரும்பி வந்து மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நீ என்னைப் பார்த்தாய். நான் அசடு வழிய நின்றேன்.

அன்று உன் அண்ணன் மூன்று தடவை புட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் கிளம்பும்போது என் கட்டிலைப் பின்கதவிலிருந்து தாமே நகர்த்திவிட்டு, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவீர்கள் என்று நம் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தார். அதுவும் நியாயம்தான். பொங்கல்வரை அம்மா இருந்து பார்க்கட்டும் என்றார். பொங்கல் போனது, குளிர்காலமே போனது, அம்மா போகவில்லை. தினமும் பத்து நிமிஷம் ஒரு ஜன்னலைத் திறந்து ஈரத்தை வெளியே விட வேண்டும், பாத்திரத்தை மூடித்தான் கொதிக்கவைக்க வேண்டும் என்று நானும் கற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் நவம்பரில் உன் அண்ணன் கூப்பிட்டு, தன் வீட்டு பேஸ்மென்ட் ஜன்னலுக்கு அந்தத் தாளை எப்படி ஒட்டுவது என்று கேட்டபோது நீ போனை என்னிடம் தள்ளிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை எப்படி மறப்பேன்?

எனக்கு வேலை கிடைத்ததும் மூன்று பேரும் சேர்ந்தே இந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி வீட்டுக்கு வந்தோம். இங்கே ஹீட்டர்கள் எல்லாம் வேலை செய்கின்றன. அதில் நமக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அப்புறம் உனக்கு நோய் வந்தது. அதை விவரமாக எழுத எனக்கு மனமில்லை, உனக்கும் படிக்கப் பிடிக்காது. ஒன்று மட்டும். கடைசி வாரம் ஆஸ்பத்திரி அறையில் உனக்குப் புழுக்கமாக இருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னாய். நான் போய்ப் பார்த்தேன். அது திறக்கிற ஜன்னலே இல்லை, சுற்றிலும் ரப்பர் வைத்து அடைத்த ஒற்றைக் கண்ணாடி. திரும்பி உன்னைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. நல்ல காற்றோட்டமான வீடு என்றாய். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அம்மாவைப் பார்த்துக்கொள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போன வாரம் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தார். ஏப்ரலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர்தான். என்னை உட்காரவைத்து மரியாதையாகப் பேசினார். “தங்கச்சி, நீங்கள் செய்தது பெரிய காரியம். ஆனா அம்மா என்ரை பொறுப்பு. குளிர் துவங்க முந்திக் கூட்டிக்கொண்டு போறன்,” என்றார். எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் உன் வீட்டில் பாதி வாடகை கொடுத்தவள். சரி அண்ணா என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் அம்மாவின் மருந்துகளை எடுத்து வைத்தேன். மூச்சுக்கு இழுக்கும் பம்பை, சேலைகளை, ஸ்வெட்டர்களை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பையை மூடினேன். அவர் அதைக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்தார். அவ்வளவு நேரமும் அம்மா மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.

போவோமா என்று உன் அண்ணன் கேட்டார். அம்மா கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“ஒரு மகளைக் குடுத்திட்டன்,” என்றார். “மற்றவளையும் விட்டிட்டு வரச் சொல்லாதை, தம்பி.”

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. உனக்கு அக்கா தங்கை யாரும் கிடையாதே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பார். உன் அண்ணனுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய்ப் பையைத் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு வந்தார். நாலு தளம், மூச்சு வாங்க.

பதினொரு வருஷம் காத்திருந்து, அலைந்து, அவரைக் கொண்டுவந்தவள் நீ. உனக்குக் கிடைத்தது ஆறு வருஷம். மீதி எனக்குக் கிடைத்திருக்கிறது. இதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போல ஒரு வாரமாகக் கூச்சமாக இருக்கிறது. அதே சமயம் சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டையும் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் தூங்குகிறார். இந்த மடலை எழுதும்போது நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்க் கதவருகில் நின்று கேட்டேன். இழுப்பு இல்லை. மூச்சு சீராக வருகிறது.